கடல் கடந்து வந்தவர்கள் காசை எங்கே வைத்தார்கள்?



பிறந்த ஊரை விட்டு வேறொரு நாட்டுக்குப் பிழைக்கப் போகிறவருக்கு மூன்று கவலைகள் உண்டு. தங்குவதற்கு ஓர் இடம் வேண்டும். செய்வதற்கு ஒரு வேலை வேண்டும். சம்பாதித்த காசை நம்பி வைப்பதற்கு ஓர் இடம் வேண்டும். முதல் இரண்டைப் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம். லயத்தைப் பற்றியும் பால்மரத்தைப் பற்றியும் நம் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். மூன்றாவது கவலையை நம் முன்னோர்கள் எப்படித் தீர்த்துக்கொண்டார்கள் என்பதுதான் இன்றைய உரையின் பொருள்.

முதலில், காசு எவ்வளவு என்று பார்ப்போம். 1928-ஆம் ஆண்டில் இந்தியத் தொழிலாளர்களுக்கு நிலையான சம்பளம் வகுக்கப்பட்டது. சிலாங்கூர் போன்ற போக்குவரத்து வசதியுள்ள பகுதிகளில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. மாதத்தில் 24 நாள் பெயர் விழுந்தால் ஆணுக்கு 12 வெள்ளி. அரிசியும் பருப்பும் போக மிஞ்சுவது சொற்பம். 1930-இல் ரப்பர் விலை சரிந்தபோது அந்தச் சம்பளமும் 40 காசாகவும் 32 காசாகவும் குறைந்தது.

ஆனாலும் மிச்சம் பிடித்தார்கள். அதற்கு ஒரு காரணம் இருந்தது. அந்நாளில் மலாயா வெள்ளியின் மதிப்பு இங்கிலாந்துப் பணத்தில் 2 ஷில்லிங் 4 பென்ஸ். 1927 முதல் இந்திய ரூபாயின் மதிப்பு 1 ஷில்லிங் 6 பென்ஸ். கணக்குப் போட்டுப் பார்த்தால், இங்கே சேர்த்த 100 வெள்ளி ஊருக்குப் போனால் ஏறக்குறைய 155 ரூபாய். ஊரில் அடகுபோன நிலத்தை மீட்கலாம். தங்கைக்குக் கல்யாணம் செய்யலாம். ஆகவே ஒவ்வொரு காசும் ஊரை நோக்கியே இருந்தது. அந்தக் காசு ஊர் போய்ச் சேரும் வரையில் அதை யாரிடம் வைப்பது?

மிக எளிய வழி, தன்னிடமே வைத்துக்கொள்வது. தகரப்பெட்டிக்குள் வைத்தார்கள். நகையாக மாற்றினார்கள். மாடு வாங்கினார்கள். நகை திருடு போகலாம், மாடு நோயில் சாகலாம். இருந்தாலும் கண்ணுக்கு முன்னால் இருக்கிறது என்ற ஆறுதல் இருந்தது.

அடுத்த வழி, தெரிந்தவரிடம் கொடுத்து வைப்பது. தெரிந்தவர் என்றால் கங்காணி, தோட்டத்துக் கடைக்காரர், சில இடங்களில் கிராணி. கங்காணி நம் ஊர்க்காரர். ஆள் சேர்த்துக் கப்பலேற்றிக் கூட்டி வந்தவர் அவர்தான். அவரிடம் நம் மொழியில் பேசலாம், படிவம் எழுத வேண்டாம், கையெழுத்துப் போட வேண்டாம். எல்லாக் கங்காணிகளும் ஏமாற்றினார்கள் என்று சொல்வது நியாயமில்லை. தொல்லை வேறிடத்தில் இருந்தது. வேலை வாங்குகிறவரும் அவர், கடன் கொடுக்கிறவரும் அவர், சேமிப்பைக் காக்கிறவரும் அவர். வேறு தோட்டத்துக்குப் போக நினைத்தவர் அவரிடமே தன் பணத்தைக் கேட்டு நிற்க வேண்டும். கணக்கு அவர் மனத்தில் இருந்தது. தொழிலாளியின் கையில் ஒரு துண்டுச் சீட்டும் இல்லை.

பட்டணத்தை எட்டிப் பார்க்க முடிந்தவர்களுக்குச் செட்டியார் கிட்டங்கி இருந்தது. சிங்கப்பூரில் மார்க்கெட் ஸ்திரீட்டிலும், பினாங்கில் பினாங்கு ஸ்திரீட்டிலும், கோலாலம்பூரில் அம்பாங் ஸ்திரீட்டிலும் கிட்டங்கிகள் இருந்தன. நீண்ட கூடம். தரையில் பாய். பாயின்மேல் ஒரு மரப்பெட்டி, அதன் பின்னே ஒருவர், பக்கத்தில் பேரேடு. ஒரே கூடத்தில் பல விலாசங்கள், அதாவது பல நிறுவனங்கள், பெட்டி போட்டுத் தொழில் நடத்தின. முதலாளி காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்தில் இருப்பார். இங்கே இருந்தவர் மேலாள். அவருக்கு உதவியாக அடுத்தாள், பெட்டியடிப் பையன். மேலாள் ஏறக்குறைய மூன்று ஆண்டு இருந்து கணக்கு முடித்து ஊர் திரும்புவார், இன்னொருவர் வருவார்.

கிட்டங்கியின் முக்கியத் தொழில் கடன் கொடுப்பது. கடைக்காரர்களும், ஈயச் சுரங்கக்காரர்களும், சிறு தோட்டக்காரர்களும் அங்கே கடன் வாங்கினார்கள். கூடவே அவர்கள் வைப்புப் பணமும் வாங்கினார்கள், உண்டியல் மூலம் ஊருக்குப் பணமும் அனுப்பினார்கள். இங்கே வெள்ளியைக் கட்டினால் அங்கே ரூபாயாகக் கிடைக்கும். எல்லாம் தமிழில் நடந்தது. சொன்ன சொல்லுக்கு மதிப்பு இருந்தது. ஆனால் அந்தச் சொல்லுக்குப் பின்னால் இருந்தது ஒரு குடும்பத்தின் சொத்து மட்டுமே. அந்தக் குடும்பத்துக்கு நொடிப்பு வந்தால் வைத்தவருக்கும் நொடிப்புத்தான்.

ஐரோப்பியர் வங்கிகள் இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். இருந்தன. சார்ட்டர்ட் வங்கி சிங்கப்பூருக்கு 1859-இலும், பினாங்குக்கு 1875-இலும், கோலாலம்பூருக்கு 1888-இலும் வந்தது. ஹாங்காங் வங்கி 1877-இல் சிங்கப்பூரிலும் 1884-இல் பினாங்கிலும் கிளை திறந்தது. அவை ஈயத்துக்கும் ரப்பருக்கும் கப்பல் சரக்குக்கும் நடந்த வங்கிகள். தோட்டக் கம்பெனிகளுக்கு அங்கே கணக்கு இருந்தது. செட்டியார்களே அங்கே கடன் வாங்கித்தான் வெளியே கடன் கொடுத்தார்கள். மாதம் இரண்டு வெள்ளி மிச்சம் பிடிக்கும் பால்வெட்டுத் தொழிலாளியை எதிர்பார்த்து அந்தக் கதவுகள் திறக்கப்படவில்லை.

வெள்ளைக்காரர் பெயர் இருந்தால் காசு பத்திரம் என்றும் சொல்ல முடியாது. சென்னையில் ஆர்பத்நாட் கம்பெனி என்ற பழைய ஆங்கிலேய நிறுவனம் வைப்புப் பணம் வாங்கி வந்தது. 1906 அக்டோபரில் அது விழுந்தது. பல ஆயிரம் பேர் காசை இழந்தார்கள். அதன் தலைவர் சர் ஜார்ஜ் ஆர்பத்நாட் சிறைக்குப் போனார். அந்த வீழ்ச்சியில் பாடம் கற்றவர்கள் தொடங்கியதுதான் 1907-இல் பிறந்த இந்தியன் வங்கி.

அக்காலத்தில் சீனர்களும் நம்மைப் போல வந்தேறிகளே. அவர்களும் தங்கள் கிளைமொழி பேசும் வங்கியைத் தேடினார்கள். 1903-இல் சிங்கப்பூரில் குவாங் இக் வங்கி தொடங்கியது. காண்டனியர் நடத்திய வங்கி அது. பத்தே ஆண்டில், 1913-இல், அது மூடப்பட்டது. ஹொக்கியன் வணிகர்கள் தொடங்கிய மூன்று வங்கிகள், உலகம் முழுவதும் வியாபாரம் படுத்திருந்த 1932-இல் ஒன்றாக இணைந்து ஓசிபிசி வங்கி ஆயின. தனித்தனியாகத் தாங்க முடியாது என்று கண்டுகொண்டு ஒன்று சேர்ந்ததனால் அந்த வங்கி இன்றும் நிற்கிறது. ஆகவே, நம் மொழி பேசுகிற வங்கி என்பது ஒரு வசதி. அந்த வங்கிக்கு முதுகெலும்பு இருக்கிறதா என்பது வேறு கேள்வி.

இனி, தபால் சேமிப்பு வங்கி. சிங்கப்பூரில் அது 1877 ஜனவரி முதல் நாளில் தொடங்கியது. பிறகு மலாய் மாநிலங்களிலும் வந்தது. சிறு தொகை போடலாம். புத்தகம் போட்டவர் பெயரிலேயே இருக்கும். எல்லாவற்றையும்விட முக்கியம், அதற்கு அரசாங்கம் பொறுப்பு. அப்படியிருந்தும் நம் மக்கள் எல்லாரும் அங்கே போய்விடவில்லை. தபாலாபீஸ் டவுனில் இருந்தது. திறந்திருக்கும் நேரத்தில் இவர்கள் வெட்டுக்காட்டில் இருந்தார்கள். படிவம் ஆங்கிலத்தில் இருந்தது. மிகவும் பத்திரமான இடம் மிகவும் தூரத்தில் இருந்தது. பத்திரமில்லாத இடம் லயத்துக்கு அடுத்த வாசலில் இருந்தது. நம் முன்னோர்களின் சேமிப்பு வரலாற்றை இந்த ஒரு வாக்கியத்தில் அடக்கிவிடலாம்.

தமிழில் பேசலாம், முறையான வங்கியாகவும் இருக்க வேண்டும் என்ற ஆசை 1937-இல் நிறைவேறத் தொடங்கியது. அவ்வாண்டு பிப்ரவரி 10-ஆம் நாள் மு. சித. மு. சிதம்பரம் செட்டியார் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கினார். காரைக்குடி, சென்னை, இரங்கூன் ஆகிய மூன்று இடங்களில் ஒரே நாளில் திறந்து, அடுத்துப் பினாங்குக்கு வந்தார்கள். இந்தியன் வங்கி 1941-இல் சிங்கப்பூருக்கு வந்தது. கிட்டங்கிக்கும் ஐரோப்பியர் வங்கிக்கும் நடுவே ஒரு கதவு திறந்தது.

அந்தக் கதவு நன்றாகத் திறப்பதற்குள் போர் வந்துவிட்டது. 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் விழுந்தது. ஜப்பானியர் தாங்கள் அச்சடித்த தாளைப் புழங்கவிட்டார்கள். பத்து வெள்ளித் தாளில் வாழைமரம் இருந்ததால் மக்கள் அதை வாழைமரக் காசு என்றார்கள். 1945 செப்டம்பரில் பிரிட்டிஷார் திரும்பியபோது அது வெறும் காகிதம் ஆயிற்று. பெட்டி நிறைய அந்தத் தாளைச் சேர்த்திருந்தவர் ஏழையானார். போருக்கு முன்பே வங்கியில் தன் பெயரில் போட்டு வைத்தவருக்குக் கேட்பதற்கு ஒரு கணக்காவது இருந்தது. வாழைமரக் காசில் நடந்த கொடுக்கல் வாங்கலை மதிப்பிட 1948-இல் தனிச் சட்டமே தேவைப்பட்டது.

பர்மாவுக்குப் போன நம்மவர்களின் கதை இன்னும் கடுமையானது. அவர்களும் அங்கே வெளிநாட்டார். 1963 பிப்ரவரியில் அந்நாட்டு இராணுவ அரசு எல்லாத் தனியார் வங்கிகளையும் எடுத்துக்கொண்டது. இந்தியன் ஓவர்சீஸ் வங்கியின் கிளையும் அதில் போயிற்று. 1964 மே மாதத்தில் 50 கியாட், 100 கியாட் தாள்கள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டன. தலைமுறையாகப் பாடுபட்டவர்கள் சிறு தொகையோடு சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கினார்கள். வங்கி நல்லதாக இருந்தால் மட்டும் போதாது, நாட்டின் சட்டம் அந்நியருக்கு என்ன சொல்கிறது என்றும் பார்க்க வேண்டும் என்பதைப் பர்மா கற்பித்தது.

நம் நாட்டில் நடந்த மாற்றம் அப்படிப்பட்டதல்ல. 1959 ஜனவரியில் மத்திய வங்கி தொடங்கியது. அதுமுதல் வங்கிகளை மேற்பார்வை பார்க்க ஒரு கண் இருந்தது. 1969 ஜூலையில் இந்தியா 14 பெரிய வங்கிகளை அரசுடைமை ஆக்கியது. இந்தியன் ஓவர்சீஸ், இந்தியன் வங்கி, யுனைடெட் கமர்ஷியல் மூன்றும் அதில் அடங்கும். அந்நிய அரசுக்குச் சொந்தமான வங்கி இங்கே நடக்கலாகாது என்பது அன்றைய மலேசியச் சட்டத்தின் நிலையாக இருந்தது. ஆகவே 1973-இல் இம்மூன்றின் மலேசியக் கிளைகளும் சேர்ந்து யுனைடெட் ஏசியன் வங்கி ஆயின. 1991-இல் அது பேங்க் ஆஃப் காமர்ஸோடு சேர்ந்தது. அந்த வழிதான் பின்னர் இன்றைய சிஐஎம்பி வரை வருகிறது. பெயர்ப்பலகை மாறியது, கணக்குகள் கைமாறித் தொடர்ந்தன. முறைப்படி நடக்கும் வங்கிக்கும் தெரிந்தவர் பெட்டிக்கும் உள்ள வேறுபாடு இதுதான். வங்கியின் பெயர் மறைந்தாலும் கணக்கு மறைவதில்லை. தபால் சேமிப்பு வங்கியும் இவ்வாறே 1974 டிசம்பர் முதல் நாளில் தேசிய சேமிப்பு வங்கி ஆயிற்று.

இதற்கிடையே பழைய பழக்கம் விடவில்லை. கூட்டுச் சீட்டுப் பிடித்து இழந்தவர்கள் பலர். 1971-இல் சட்டம் அதைத் தடை செய்தது. அந்தச் சட்டத்தின் ஆங்கிலப் பெயரிலேயே ‘கூட்டு’ என்ற சொல் இருக்கிறது. 1986-இல் வைப்புப் பணம் வாங்கிய 24 கூட்டுறவுச் சங்கங்கள் முடக்கப்பட்டன. ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் தங்கள் காசுக்காகக் காத்து நின்றார்கள். இவை சீனர், தமிழர் என்று இனம் பார்த்து வந்த துன்பங்கள் அல்ல. அதிக வட்டியும் பழகிய முகமும் சேர்ந்தால் யாரும் கேள்வி கேட்பதில்லை.

2005-இல் மலேசிய வைப்புத்தொகைக் காப்புறுதிக் கழகம் தொடங்கியது. முதலில் 60,000 வெள்ளி வரை காப்பு இருந்தது. 2010-ஆம் ஆண்டின் முடிவில், ஒருவருக்கு ஒரு வங்கியில் 250,000 வெள்ளி வரை என்று அது உயர்ந்தது. குடிமக்களுக்கு மட்டும் என்று அதில் பிரிவு இல்லை.

நேயர்களே, இன்று தோட்டத்தில் நம் பக்கத்து வீட்டில் இருப்பவர் இந்தோனேசியராகவோ வங்காளதேசத்தவராகவோ நேப்பாளியாகவோ இருக்கலாம். நம் பாட்டன் பட்ட கவலையை இன்று அவர் படுகிறார். நம் பிள்ளைகளும் சிங்கப்பூருக்கும் அதற்கு அப்பாலும் வேலைக்குப் போகிறார்கள். அங்கே அவர்கள் வெளிநாட்டார். அவர்களுக்கும் இவர்களுக்கும் நூறாண்டு அனுபவம் நான்கு கேள்விகளைக் கொடுக்கிறது.

இந்த வங்கி யாருடையது? விழுந்தால் எனக்கு யார் பொறுப்பு? கணக்கும் புத்தகமும் என் பெயரில், என் கையில் இருக்கிறதா? ஊருக்கு அனுப்பவும், நாட்டை விட்டுப் போகும்போது எடுக்கவும் சட்டம் இடம் தருகிறதா?

என் மொழி தெரிந்தவர் அங்கே இருக்கிறாரா என்று ஐந்தாவதாகக் கேளுங்கள். அதையும் கேட்க வேண்டியதுதான். ஆனால் அதை முதல் கேள்வியாக வைக்காதீர்கள். வீட்டில் கணவர், மனைவி இருவரும் உழைத்தால் இருவர் பெயரிலும் கணக்கு இருக்கட்டும். 40 காசு வாங்கிய பாட்டிக்கும் அந்தக் காசு அவள் உழைப்புத்தான்.