வீட்டுப் பியர்க் குழாய்

வீட்டுப் பியர்க் குழாய் என்பது, வீட்டில் வைக்கப்படும் பீப்பாய்க் குளிர்பெட்டியில் இருந்து பியரைக் கோப்பையில் ஊற்றப் பயன்படும் திறப்புக் குழாய் ஆகும். பீப்பாய்க் குளிர்பெட்டி ஆங்கில வழக்கில் கெகரேட்டர் எனப்படுகிறது. பீப்பாயைக் குறிக்கும் சொல்லும் குளிர்பதனப் பெட்டியைக் குறிக்கும் சொல்லும் இணைந்து இப்பெயர் உருவானது. ஐக்கிய அமெரிக்காவில் வீட்டிலேயே பியர் வடிப்போரிடம் இக்கருவி பரவலாகப் புழங்குகிறது. ஒட்டுமொத்த அமைப்பில் குழாய் சிறிய உறுப்பே எனினும், பியரின் சுவை, நுரையின் அளவு, தூய்மை ஆகிய மூன்றும் இதனைப் பெரிதும் சார்ந்துள்ளன. எனவே குறைந்த செலவில் தகுந்த குழாயைத் தெரிவு செய்வது இத்துறையில் முதன்மையான கேள்விகளுள் ஒன்றாக உள்ளது.

வரலாறு

மதுக்கூடத்தின் நிலவறையில் உள்ள பீப்பாயில் இருந்து பியரை மேலே இழுக்கும் கைப்பம்புக்கு, இங்கிலாந்தைச் சேர்ந்த பொறியாளர் யோசப்பு பிராமா 1797-இல் காப்புரிமை பெற்றார். பின்னர் அழுத்தமூட்டிய கார்பன் டை ஆக்சைடு வாயுவைக் கொண்டு பியரை வெளித்தள்ளும் முறை பரவியது. இம்முறையில் பம்பு தேவையில்லை. திறந்து மூடும் குழாய் ஒன்றே போதும்.

ஐக்கிய அமெரிக்காவில் வீட்டில் பியர் வடிப்பதற்கு நடுவண் அரசின் வரிவிலக்கு அளிக்கும் சட்டத்தில் குடியரசுத் தலைவர் ஜிம்மி கார்ட்டர் 1978 அக்டோபரில் கையொப்பமிட்டார். இதன்படி வயது வந்தோர் ஒருவர் மட்டும் உள்ள வீட்டில் ஆண்டுக்கு 100 கேலனும், இருவரோ அதற்கு மேற்பட்டோரோ உள்ள வீட்டில் 200 கேலனும் சொந்தப் பயன்பாட்டுக்கு வடிக்கலாம். அலபாமா, மிசிசிப்பி ஆகிய மாநிலங்கள் 2013-இல் இதனை அனுமதித்த பின்னர், 50 மாநிலங்களிலும் இது சட்டப்படி செல்லுபடியானது.

குளிர்பானத் தொழிலில் பயன்பட்ட கார்னீலியசு வகைக் கலன்கள் பழைய பொருட்களாக விற்பனைக்கு வந்தபோது, வீட்டு வடிப்போர் அவற்றை வாங்கிப் பியருக்குப் பயன்படுத்தத் தொடங்கினர். இக்கலனின் கொள்ளளவு 5 கேலன், அதாவது சுமார் 18.9 லிட்டர் ஆகும். பியர் ஆலைகள் விற்கும் பெரிய பீப்பாய் 15.5 கேலன், அதாவது சுமார் 58.7 லிட்டர் கொள்ளும்.

அமைப்பு

பீப்பாய்க் குளிர்பெட்டியில் வாயு உருளை, அழுத்தச் சீராக்கி, பீப்பாய், பியர் செல்லும் நெகிழிக் குழல், கதவையோ கோபுரத்தையோ ஊடுருவிச் செல்லும் தண்டுக்குழல், திறப்புக் குழாய் ஆகியவை வரிசையாக இணைக்கப்பட்டிருக்கும். பொதுவாகப் பெட்டியின் வெப்பநிலை 3.3 பாகை செல்சியசாகவும், வாயு அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 10 முதல் 12 பவுண்டாகவும் வைக்கப்படும். 12 பவுண்டு அழுத்தத்தில், ஒரு பங்கு பியரில் அதைப்போல் சுமார் 2.6 மடங்கு பருமனுள்ள வாயு கரைந்திருக்கும்.

திறப்புக் குழாயில் உடல், கைப்பிடி நெம்புகோல், உள்ளே முன்னும் பின்னும் நகரும் தண்டு, அடைப்பு வளையம், ஊற்றுமூக்கு ஆகிய பகுதிகள் உள்ளன. நெம்புகோலை முன்னோக்கி இழுத்தால் அடைப்பு விலகிப் பியர் பாயும்.

வகைகள்

பின்புற அடைப்புக் குழாய்

இது நெடுங்காலமாகப் புழக்கத்தில் உள்ள வகை ஆகும். இதன் அடைப்பு, குழாய் தண்டுக்குழலைச் சந்திக்கும் பின்பகுதியில் இருக்கும். மூடியதும் அடைப்புக்கு முன்னால் உள்ள பியர் வடிந்துவிடும். உடலின் உட்புறம் வெளிக்காற்றுக்குத் திறந்திருக்கும். அங்கு ஒட்டியுள்ள பியர் உலர்ந்து பிசின்போல் இறுகும். இதனால் அடுத்த நாள் நெம்புகோல் நகராமல் ஒட்டிக்கொள்வது உண்டு. காற்றுப் படும் ஈரப் பரப்பில் பூஞ்சையும், பியரைப் புளிக்கச் செய்யும் அசெட்டோபாக்டர் பாக்டீரியாவும் வளரும். பழ ஈக்களும் மொய்க்கும்.

மதுக்கூடத்தில் இக்குறை அவ்வளவாகத் தெரிவதில்லை. அங்கு சில நிமிடங்களுக்கு ஒருமுறை பியர் ஊற்றப்படுவதால் உட்புறம் உலர நேரம் கிடைப்பதில்லை. வீட்டிலோ ஒரு குழாய் பல நாட்கள் திறக்கப்படாமல் இருக்கலாம். மதுக்கூடத்தில் நன்றாக உழைக்கும் அதே குழாய் வீட்டில் தொல்லை தருவதற்கு இதுவே காரணம் ஆகும்.

முன்புற அடைப்புக் குழாய்

இவ்வகையில் அடைப்பு ஊற்றுமூக்குக்கு அருகில் இருக்கும். மூடிய நிலையிலும் உடல் முழுவதும் பியர் நிறைந்திருப்பதால் காற்றுப் புகுவதில்லை, நெம்புகோலும் ஒட்டுவதில்லை. எனினும் பெட்டிக்கு வெளியே உள்ள உடலில் தேங்கும் பியர் அறை வெப்பநிலையை அடைவதால், முதலில் ஊற்றும் பியர் சற்று நுரைக்கும். அடைப்பு வளையம் தேய்ந்தால் சொட்டத் தொடங்கும். ஆனால் வளையத்தின் விலை மிகக் குறைவு, மாற்றுவதும் எளிது. பெர்லிக், இன்டர்டேப், நூக்காடேப் ஆகியவை இவ்வகையில் அறியப்பட்ட வணிகப் பெயர்கள் ஆகும்.

ஓட்டக் கட்டுப்பாட்டுக் குழாய்

இதன் பக்கவாட்டில் உள்ள சிறு நெம்புகோலால் பியர் பாயும் வேகத்தைக் குறைக்கலாம். வாயு மிகுதியாகக் கரைந்த கோதுமைப் பியர் போன்றவற்றுக்கு இது உதவும். விலை கூடுதல். ஒரே வகைப் பியரை ஒரே அழுத்தத்தில் ஊற்றுவோருக்கு இது இன்றியமையாதது அன்று.

நைதரசன் குழாய்

கின்னசு நிறுவனம் 1959-இல் நைதரசன் கலந்த பீப்பாய்ப் பியரை அறிமுகப்படுத்தியது. அத்தகைய பியருக்கான குழாயில் சிறு துளைகளிட்ட தகடு ஒன்று இருக்கும். அது பியரைச் சிதறச் செய்து அடர்ந்த நுரையை உண்டாக்கும். வழக்கமாக 75 விழுக்காடு நைதரசனும் 25 விழுக்காடு கார்பன் டை ஆக்சைடும் கலந்த வாயு இதற்குத் தேவை. சாதாரணப் பியரை இதில் ஊற்றினால் கோப்பை முழுவதும் நுரையே நிற்கும்.

கைக்குழாய்

குழலின் முனையில் செருகப்படும் கறுப்பு நெகிழிக் குழாய் இது. கட்டைவிரலால் அழுத்தினால் திறக்கும். எல்லாவற்றிலும் விலை குறைந்தது இதுவே. குளிர்பெட்டியின் உள்ளேயே இருப்பதால் எப்போதும் குளிர்ந்திருக்கும். கதவில் துளையிடவும் தேவையில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் கதவைத் திறக்க வேண்டும். உள்ளே ஒரு பொருள் சாய்ந்து இதன் நெம்புகோலை அழுத்தினால், பீப்பாயில் உள்ள பியர் முழுவதும் பெட்டிக்குள் கொட்டிவிடக்கூடும். பயன்படுத்தாதபோது பியர்க் குழலைப் பீப்பாயில் இருந்து கழற்றி வைப்பது நல்லது.

உலோகம்

மலிவான குழாய்கள் பெரும்பாலும் குரோமியம் பூசிய பித்தளையால் ஆனவை. விலை கூடியவை 304 வகைத் துருப்பிடிக்காத எஃகால் ஆனவை. பியரின் பி.எச். மதிப்பு பொதுவாக 4 முதல் 4.5 வரை இருப்பதால் அது அமிலத்தன்மை உடையது. குரோமியப் பூச்சு தேய்ந்து பித்தளை வெளிப்பட்டால் பியரில் உலோகச் சுவை ஏறும். பித்தளையில் கடைசல் எளிதாவதற்காக ஈயம் சேர்க்கப்படுவதும் உண்டு.

ஐக்கிய அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் வெளியிடும் மாதிரி உணவு விதித்தொகுப்பு, பி.எச். 6-க்குக் குறைவான உணவும் பானமும் செம்பையோ செப்புக் கலப்புலோகத்தையோ தொடக்கூடாது என்கிறது. பியர் தயாரிப்பில் நொதித்தலுக்கும் அதற்கு முந்திய கட்டங்களுக்கும் மட்டும் விலக்கு உண்டு. ஊற்றும் குழாய்க்கு இல்லை. இத்தொகுப்பு உணவகங்களுக்கானது, வீடுகளைக் கட்டுப்படுத்தாது. எனினும் குழாயைத் தெரிவு செய்வோருக்கு இது பயனுள்ள அளவுகோல் ஆகும். எஃகு போலத் தோன்றினும் 'எஃகு நிறம்' என்று மட்டும் குறிப்பிடப்பட்ட குழாய் பூச்சிட்ட பித்தளையாக இருக்கலாம்.

விலையும் தெரிவும்

குழாயின் விலையை மட்டும் ஒப்பிடுவது தவறான முடிவுக்கு இட்டுச் செல்லும். பல கடைகளில் தண்டுக்குழல், கைப்பிடி, குழல், இறுக்கும் திருகி ஆகியவை தனித்தனியே விற்கப்படுகின்றன. இவை அனைத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால், பித்தளைக் குழாய்க்கும் எஃகுக் குழாய்க்கும் உள்ள வேறுபாடு மொத்தச் செலவில் சிறு பங்காகவே இருக்கும்.

வீணாகும் பியரும் செலவே. 5 கேலன் கலனில் 355 மில்லிலிட்டர் கோப்பைகள் 53 கிடைக்கும். ஒவ்வொரு முறையும் 60 மில்லிலிட்டர் நுரையாகக் கொட்டப்படுவதாகக் கொண்டால் 45 கோப்பைகளே கிடைக்கும்.

பொதுவாகப் பின்வரும் வரிசை பின்பற்றத்தக்கது:

* புதிதாகத் தொடங்குவோர்க்கும், கடன் பெட்டியிலோ வாடகை வீட்டிலோ துளையிட இயலாதோர்க்கும் கைக்குழாய் போதும்.
* நாள்தோறும் பயன்படுத்தி, தவறாமல் கழுவுவோர் பின்புற அடைப்புக் குழாயை வாங்கலாம். அதிலும் எஃகால் ஆனதே மேல்.
* வாரம் ஓரிரு முறை மட்டும் பயன்படுத்துவோர்க்கு எஃகாலான முன்புற அடைப்புக் குழாய் ஏற்றது. ஓட்டக் கட்டுப்பாடு இல்லாத எளிய மாதிரியே போதும்.
* பழைய குழாயை வாங்கும்போது உட்பூச்சு தேய்ந்துள்ளதா, மாற்று வளையங்கள் கிடைக்கின்றனவா என்று பார்க்க வேண்டும்.

பொருத்துதல்

அமெரிக்க முறைக் குழாய்கள் பெரும்பாலும் 1 1/8 அங்குல விட்டமும் அங்குலத்துக்கு 18 சுற்றும் கொண்ட திருகுமரையால் தண்டுக்குழலோடு இணைகின்றன. கைப்பிடிக்கான திருகுமரை 3/8 அங்குலம் ஆகும். ஐரோப்பியக் குழாய்களின் மரை வேறு. எனவே இரண்டையும் கலந்து வாங்கினால் இணைப்பி தேவைப்படும். தண்டுக்குழலுக்காகக் கதவில் சுமார் 22 மில்லிமீட்டர் விட்டத்தில் துளையிட வேண்டும். தண்டுக்குழலின் நீளம் கதவின் தடிப்பைவிடக் கூடுதலாக இருத்தல் வேண்டும். துளையிடுமுன் அவ்விடத்தில் குளிரூட்டி செல்லும் குழலோ மின்கம்பியோ இல்லை என்பதை உறுதி செய்வது கட்டாயம்.

நுரை மிகுந்தால் குழாயே காரணம் என்று முடிவு செய்யலாகாது. குழல் குட்டையாக இருப்பதே பல வேளைகளில் காரணமாகும். 3/16 அங்குல உள்விட்டமுள்ள வினைல் குழல், அடிக்கு 3 பவுண்டு அழுத்தத்தைக் குறைப்பதாகக் கணக்கிடுவது மதுக்கூட வழக்கம். அக்கணக்குப்படி 12 பவுண்டுக்கு 4 அடி போதும். அது விரைந்து ஊற்றும் மதுக்கூடத்துக்கான அளவு. வீட்டில் நிதானமாக ஊற்றச் சுமார் 10 அடி, அதாவது 3 மீட்டர் நீளம் பரவலாகப் பயன்படுத்தப்படுகிறது. விலை உயர்ந்த குழாய் வாங்குமுன் குழலை நீட்டிப் பார்ப்பது சிக்கனம்.

பராமரிப்பு

அமெரிக்க வடிப்போர் சங்கத்தின் பீப்பாய்ப் பியர்த் தரக் கையேடு, 14 நாட்களுக்கு ஒருமுறை காரக் கரைசலால் குழலைக் கழுவவும், அப்போது குழாயைக் கழற்றித் தூரிகையால் தேய்க்கவும் பரிந்துரைக்கிறது. படியும் கால்சியம் ஆக்சலேட்டைக் கரைக்க 3 மாதங்களுக்கு ஒருமுறை அமிலக் கரைசல் பயன்படும். காரமும் அமிலமும் ஒருபோதும் கலக்கலாகாது. கையுறையும் கண்காப்பும் தேவை. குளோரின் கலந்த வெளுப்பிகள் எஃகையும் அரிக்கும். அடிக்கடி கழுவப்படும் மலிவான குழாய், கழுவப்படாத விலை உயர்ந்த குழாயைவிட நல்ல பியரைத் தரும்.

பாதுகாப்பு

கார்பன் டை ஆக்சைடு காற்றைவிட அடர்த்தி மிக்கது. நிறமும் மணமும் அற்றது. காற்றோட்டமில்லாத நிலவறையில் அது கசிந்து தேங்கினால் மூச்சுத்திணறலும் மரணமும் நேரலாம். இணைப்புகளில் சோப்பு நீர் தடவிக் குமிழி எழுகிறதா என்று பார்ப்பது எளிய சோதனை ஆகும். வாயு உருளையைச் சாயாமல் கட்டி வைக்க வேண்டும். சிறுவர்கள் உள்ள வீடுகளுக்கு, கைப்பிடியை நகரவிடாமல் பூட்டும் சாதனங்கள் கிடைக்கின்றன.

இவற்றையும் பார்க்க

* பியர்
* நொதித்தல்
* கார்பன் டை ஆக்சைடு
* துருப்பிடிக்காத எஃகு