ரம் ஜங்கிள்: கழிவு மலைக்குப் போர்த்திய மண்

மேகாலயாவுக்கு மாற்றலாகி வரும் நம்மூர்க் குடும்பங்கள் குளிர்காலத்தில் ஜெயந்தியா மலைப்பக்கம் சுற்றப் போனால், லூக்கா ஆற்றின் நீலத்தில் மயங்கி போட்டோவாக எடுத்துத் தள்ளிவிட்டு வருவார்கள். அந்த நீலத்துக்குப் பின்னால் நிலக்கரிச் சுரங்கங்களின் அமிலத் தண்ணீரும் இருக்கிறது என்று சொன்னால் முகம் மாறிவிடும். பாறையில் பைரைட் என்று ஒரு கனிமம், இரும்பும் கந்தகமும் சேர்ந்தது. பூமிக்குள் இருக்கும்வரை சாது. தோண்டி வெளியே கொட்டி, காற்றும் மழையும் பட்டால் கந்தக அமிலம்தான். போகிற வழியில் செம்பு, துத்தநாகம் எல்லாவற்றையும் கரைத்துக்கொண்டு ஆற்றில் இறங்கும்.

"தடுக்கவே முடியாதா சார்?" என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது ரம் ஜங்கிள் கதை.

ஆஸ்திரேலியாவின் வட பிரதேசத்தில், டார்வினுக்குத் தெற்கே இருக்கிறது இந்த இடம். (பெயரைப் பார்த்து சாராயக்கடை என்று நினைத்துவிடாதீர்கள்!) 1949-இல் ஜாக் வைட் என்பவர் அங்கே யுரேனியத்தைக் கண்டுபிடித்தார். அணுகுண்டுப் போட்டி சூடுபிடித்திருந்த காலம். 1954-இல் சுரங்கம் ஓட ஆரம்பித்தது, 1971-இல் மூடினார்கள். குங்கரக்கன், வராய் என்ற பழங்குடிகளின் மண் அது. அவர்களிடம் அன்றைக்கு யார் சம்மதம் கேட்டார்கள்!

மூடியவர்கள் கழிவுப் பாறையைக் குன்று குன்றாக அப்படியே விட்டுவிட்டுப் போனார்கள். அங்கே வருடத்துக்கு 1500 மில்லிமீட்டர் மழை, அதுவும் ஏறக்குறைய முழுவதும் நவம்பர் முதல் ஏப்ரலுக்குள். அதில் பாதி போலக் குவியலுக்குள் இறங்கி, அமிலமாகி ஃபின்னிஸ் ஆற்றின் கிழக்குக் கிளையில் கலந்தது. மீன்கள் இல்லாமல் போயின. குவியலில் துளைபோட்டு அளந்தபோது உள்ளே வெப்பம் 50 டிகிரியைத் தாண்டியிருந்தது. கந்தகம் உள்ளுக்குள்ளேயே புகைந்துகொண்டிருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

1982-இலிருந்து 1986 வரை சீரமைப்பு நடந்தது. வைட்ஸ் குவியலின் மேல் அழுத்திய களிமண் 225 மில்லிமீட்டர், அதன்மேல் மணல் கலந்த வண்டல் 250, உச்சியில் சரளை மணல் 150. களிமண்தான் தண்ணீரைத் தடுப்பது. நடு அடுக்கு அதைக் காயவிடாமல் காக்கும், சரளை அரிப்பைத் தாங்கும். மழையில் 5 சதவீதத்துக்கு மேல் உள்ளே போகக்கூடாது என்பது கணக்கு. முதல் சில வருடங்கள் கணக்கு தப்பவில்லை. ஆற்றில் செம்பு குறைந்தது, மீன்களும் திரும்பின. உலகம் முழுக்கச் சுரங்கக்காரர்கள் இதை முன்மாதிரியாக எடுத்துக் காட்டினார்கள்.

அப்புறம்தான் வினை. ஆறு மாதம் வெயிலில் காய்ந்து களிமண் வெடித்தது. புல்லும் மரமும் வேர் விட்டன. கரையான் வேறு துளைத்தது. சில இடங்களில் போட்ட களிமண்ணே திட்டமிட்டதைவிட மெலிசு. உள்ளே இறங்கும் நீர் 5 முதல் 10 சதவீதம் வரை ஏறிவிட்டது. போர்வை தோற்றது என்று இதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பாதி மழை இறங்கிய இடம் அது. ஆனால் போர்த்திவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போகலாம் என்ற நினைப்பு தோற்றது. பைரைட்டுக்கு அவசரமில்லை, நூறு வருடமானாலும் காத்திருக்கும்.

2021-இல் ஆஸ்திரேலிய அரசு மறுபடியும் நிதி ஒதுக்கியது. மோசமான கழிவை அள்ளிப் பழைய குழிக்குள், காற்றுப் படாதபடி நிலத்தடி நீர்மட்டத்துக்குக் கீழே புதைப்பது திட்டம். மிச்சத்தை ஆற்றைவிட்டுத் தள்ளிப் புதிதாகக் குவிப்பார்கள். அந்தக் குவியலுக்கு மேலேயும் மண் போர்வைதான்.