வாழ்த்து அட்டையில் டை கட்டிங்

அட்டையை எஃகுத் தகட்டால் அழுத்தி வேண்டிய வடிவில் வெட்டும் முறை டை கட்டிங் எனப்படும். 1870-களில் அமெரிக்காவின் புரூக்ளினில் தாள்பை தயாரித்த ராபர்ட் கேரின் தொழிற்கூடத்தில், மடிப்புக்கோடு பதிக்கும் தகடு இடம் மாறிப் பைகளை வெட்டிவிட்டது. ஒரே அழுத்தத்தில் வெட்டவும் மடிப்புக்கோடு இடவும் இயலும் என்பதை அவர் அதிலிருந்து கண்டார்.

தமிழ்நாட்டில் இதன் மையம் சிவகாசி. 1923-இல் தொடங்கிய தீப்பெட்டித் தொழிலின் லேபிள் தேவையால் அங்கு அச்சகங்கள் வளர்ந்தன. பின்னர் பொங்கல் வாழ்த்து அட்டைகளும் அச்சாயின. ஒட்டுப்பலகையில் வடிவத்தை அறுத்து, அக்கோட்டில் தகட்டை வளைத்துச் செருகினால் டை தயார். வெட்டும் தகடு கூராகவும், மடிப்புத் தகடு மழுங்கலாகவும் இருக்கும்.

கையால் அட்டை செய்வோருக்கும் இதுவே முறை: பானை வடிவைக் கத்தியால் வெட்டி, மை தீர்ந்த பேனா முனையால் மடிப்புக்கோடு இடலாம். கைப்பேசி வந்தபின் வாழ்த்து அட்டைகள் அருகிவிட்டன. டையோ இன்று இனிப்புப் பெட்டிகளை வெட்டுகிறது.