சின்ன வயசுல டி.வி-யில பார்த்த 'ஜப்பான் ராமாயணம்'... இப்போ திரும்பப் பார்த்தா என்னவெல்லாம் தெரியும்?

2025 செப்டம்பர்ல 'டெமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி கேஸில்' தமிழ் டப்பிங்கோட வந்தப்போ உங்க வாட்ஸ்அப் குரூப் எப்படி இருந்துச்சுனு ஞாபகம் இருக்கா? திட்டக்குடி மாதிரி ஊர்ல இருந்தெல்லாம் பஸ் ஏறி, பெரிய ஊருக்குப் போய்ப் பார்த்துட்டு வந்து ஸ்டேட்டஸ் போட்டுத் தள்ளியிருப்பாங்க. ஆனா, அதே வருஷம் ஜனவரி 24-ம் தேதி இன்னொரு ஜப்பான் அனிமேஷன் படமும் தமிழ் பேசிக்கிட்டு தியேட்டருக்கு வந்தது. உங்கள்ல பல பேருக்கு அது வந்ததும் தெரிஞ்சிருக்காது, போனதும் தெரிஞ்சிருக்காது.

படத்தோட பேரு 'ராமாயணா: தி லெஜெண்ட் ஆஃப் பிரின்ஸ் ராமா'. பேரைச் சொன்னா சட்டுனு பிடிபடாது. "லீவு நாள்ல டி.வி-யில போடுவாங்களே... அனுமன் கடலைத் தாண்டுவார், கும்பகர்ணன் மலை சைஸ்ல எழுந்து வருவான்"னு சொன்னா, "அட, அந்தக் கார்ட்டூனா!"னு கேட்பீங்க. அதேதான். அந்தக் கார்ட்டூனை இப்போ ஒருமுறை திரும்பப் பாருங்க. சின்ன வயசுல நாம பார்த்தது கதையை மட்டும்தான். அதை வரைஞ்ச கைகளை நாம கவனிக்கவே இல்லை.

தோண்டப் போன இடத்தில் கிடைத்த படம்

யூகோ சாகோ ஒரு ஜப்பானிய டாக்குமென்டரி இயக்குநர். தொல்லியல் அறிஞர் பி.பி.லால், ராமாயணத்தோடு தொடர்புள்ளதாகச் சொல்லப்படும் இடங்களில் அகழாய்வு செய்துகொண்டிருந்தார். அதைப் படம் பிடிக்கத்தான் 1983-ல் சாகோ இந்தியா வந்தார். வந்தவருக்குக் கதை மேல் பித்துப் பிடித்துவிட்டது. ஜப்பானிய மொழியில் கிடைத்த ராமாயண நூல்களைத் தேடித் தேடிப் படித்தார். ஒரு கட்டத்தில், 'இதை நடிகர்களை வைத்து எடுத்தால் சரியா வராது. கடவுளா வணங்கப்படுறவரை அனிமேஷனில்தான் காட்ட முடியும்' என்ற முடிவுக்கு வந்தார்.

இங்கே கிளம்பியது பிரச்னை. டாக்குமென்டரி பற்றி ஒரு ஆங்கிலப் பத்திரிகையில் வந்த செய்தியைத் தவறாகப் புரிந்துகொண்டு, 'எங்க ராமாயணத்தை ஒரு வெளிநாட்டுக்காரர் எப்படிப் படம் எடுக்கலாம்?' என்று விஷ்வ ஹிந்து பரிஷத் டெல்லியில் இருந்த ஜப்பான் தூதரகத்துக்கு எதிர்ப்புக் கடிதம் அனுப்பியது. விளக்கம் சொல்லி அது சரியானது. அடுத்து, கூட்டுத் தயாரிப்புக்கு இந்திய அரசின் கதவைத் தட்டினார் சாகோ. 'இது சென்சிட்டிவான விஷயம், கார்ட்டூனா எடுக்கிற சமாசாரம் இல்லை' என்று அங்கே கைவிரித்துவிட்டார்கள். இன்னொருத்தரா இருந்தா மூட்டை கட்டியிருப்பார். சாகோ ஜப்பானிலேயே தனிக் கம்பெனி தொடங்கினார். 1990-ல் முழுவேகத்தில் வேலை ஆரம்பித்தபோது கூட இருந்த கலைஞர்கள் சுமார் 450 பேர்.

இந்தியப் பக்கத்திலிருந்து அவருக்குக் கைகொடுத்தவர் ராம் மோகன். சாகோ, கொய்ச்சி சசாகி ஆகியோரோடு இயக்குநர் வரிசையில் இவர் பெயரும் வரும். மெட்ராஸ் யூனிவர்சிட்டியில் கெமிஸ்ட்ரி படித்த மனிதர்! 1956-ல் ஃபிலிம்ஸ் டிவிஷனின் கார்ட்டூன் பிரிவில் சேர்ந்து, டிஸ்னியில் வேலை பார்த்த கிளேர் வீக்ஸிடம் தொழில் கற்றார். யூனிசெஃப்புக்காக வந்த 'மீனா' கார்ட்டூன், கையில் கிளியோட ஒரு சின்னப் பொண்ணு... அதுவும் இவர் கைவண்ணம்தான்.

வேட்டி கட்டத் தெரிந்த கை

படத்தைத் திரும்பப் பார்க்கும்போது முகத்தைக் கொஞ்ச நேரம் மறந்துடுங்க. கால், கை, துணி, இது மூணையும் பாருங்க.

ஜப்பானில் பெரியவங்களைப் பார்த்தால் நின்ற இடத்திலேயே இடுப்பை வளைத்து வணங்குவாங்க. நம்ம ஊர்ல குனிஞ்சு காலைத் தொடுவோம், பெரியவங்க தலையில் கை வெச்சு ஆசீர்வாதம் பண்ணுவாங்க. அங்கே மரியாதையா உட்காருவதுன்னா முழங்காலை மடக்கி, குதிகால் மேல உட்காருவது. இங்கே சம்மணம். வேட்டியோட மடிப்பு எங்கே விழும், நடக்கும்போது எந்தப் பக்கம் விலகும், இதையெல்லாம் கட்டிப் பழகாத ஒருத்தர் வரையவே முடியாது. அதனால, வேட்டி எப்படிக் கட்டுவாங்க, பிள்ளைகள் பெரியவங்ககிட்ட எப்படி ஆசி வாங்குவாங்கன்னு இந்தியக் கலைஞர்கள் ஜப்பான்காரங்களுக்குச் சொல்லிக்கொடுத்தாங்க. கடல் கடந்து ஒரு ட்யூஷன்!

அந்த ட்யூஷன் எந்தெந்த ஷாட்டில் பலிச்சிருக்கு, எங்கே லேசா ஜப்பான் வாசனை எட்டிப்பார்க்குதுனு கண்டுபிடிக்கிறது செம விளையாட்டு. காடு, மேகம், தண்ணி எல்லாம் பக்கா ஜப்பான் அனிமே. அதுக்கு நடுவுல நம்ம ஊர் நகையும் பட்டுத்துணியும். இந்த ரெண்டும் ஒட்டாமப் போயிருக்க வேண்டியது. ஒட்டியிருக்குங்கிறதுதான் படத்தோட அழகு.

ஒரு லட்சம் தாள்

இப்போ கொஞ்சம் கணக்கு. படம் 135 நிமிஷம் ஓடும். ஒரு செகண்டுக்கு 24 ஃபிரேம். பெருக்கிப் பார்த்தா 1,94,400 ஃபிரேம். இதுக்காகக் கையால் வரைஞ்சது கிட்டத்தட்ட ஒரு லட்சம் 'செல்'.

செல்னா என்ன? ஒளி ஊடுருவும் மெல்லிய பிளாஸ்டிக் தாள். கதாபாத்திரத்தோட கோட்டு உருவம் தாளோட முன்பக்கம் இருக்கும். கலரைத் திருப்பிப் போட்டுப் பின்பக்கமா பூசுவாங்க. அப்போதான் கோடு அழியாது, பிரஷ் தடம் தெரியாது. காடு, அரண்மனை, வானம் எல்லாம் தனியா ஓவியமா இருக்கும். அதுமேல செல்லை அடுக்கி, மேலிருந்து கேமராவால ஒவ்வொரு படமா எடுக்கணும். எல்லா அசைவுக்கும் 24 படம் வரைய மாட்டாங்க. ஒரே படத்தை ரெண்டு ஃபிரேமுக்கு வெச்சா செகண்டுக்கு 12 படம் போதும். மூணு ஃபிரேமுக்கு வெச்சா எட்டே போதும். எங்கே தாராளமா செலவு பண்ணணும், எங்கே கையை இறுக்கணும்னு தெரிஞ்சவங்கதான் நல்ல அனிமேட்டர்.

விருத்தாசலம் பக்கம் இருக்கிறவங்களுக்கு இதை வேற மாதிரி சொல்லலாம். அங்கே பீங்கான் பொம்மை செய்யறதைப் பார்த்திருப்பீங்க. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சுல களிமண் கரைசலை ஊத்தி, எடுத்துக் காயவெச்சு, சுட்டு, கலர் அடிப்பாங்க. அச்சு ஒண்ணுதான். ஆனா, கண்ணு வரையுற கை மாறினா பொம்மையோட முகபாவமே மாறிடும். ஒண்ணு சிரிக்கும், பக்கத்துல இருக்கிறது முறைக்கும். செல் அனிமேஷன்ல இதுக்கு நேர் தலைகீழ் சவால். அச்சே கிடையாது, நூத்துக்கணக்கான கைகள் வரையுது. ஆனா, சீதை முகம் கடைசி வரைக்கும் சீதை முகமாவே இருக்கணும். அசோகவனத்துக் காட்சியில பிளேபேக் ஸ்பீடை 0.25-க்குக் குறைச்சுப் பாருங்க. சீதை இமை தாழ்த்துறதுக்கு எத்தனை படம் செலவழிச்சிருக்காங்கன்னு எண்ணலாம்.

அப்படியே கும்பகர்ணன் போர்க்களத்துக்கு வர்ற இடத்துக்குப் போங்க. பெரிய உருவத்தை 'பெரிசு'ன்னு காட்டுறது எப்படி? உருவத்தைப் பெரிசா வரைஞ்சா மட்டும் போதாது. மெதுவா நகரணும், பக்கத்துல இருக்கிறது எல்லாம் வேகமா ஓடணும். யானையையும் எறும்பையும் நினைச்சுக்கோங்க. சின்ன வயசுல அந்த இடத்துல நாம பயந்ததுக்குக் காரணம் அவனோட பல்லு இல்லை, இந்த வேக வித்தியாசம்தான்.

இன்னொண்ணு. படம் வால்மீகியை அடிப்படையா வெச்சது. நமக்குப் பழக்கம் கம்பர். வால்மீகியில ராவணன் சீதையைக் கையால பிடிச்சுத் தூக்குவான். கம்பர்ல தொடாம, பர்ணசாலையோட நிலத்தைப் பெயர்த்துத் தூக்குவான். இந்தப் படம் அந்த இடத்தை எப்படிக் கடக்குதுன்னு பாருங்க. பக்கத்துல உங்க ஆயா இருந்தாங்கன்னா, கண்டிப்பா ஒரு கமென்ட் வரும்!

ஏன் இத்தனை வருஷம்?

படம் தயாரான நேரம்தான் பாவம். 1992 டிசம்பர் 6-ல் அயோத்தியில் பாபர் மசூதி இடிக்கப்பட்டது. நாடு முழுக்கக் கலவரம். அடுத்த மாதமே, 1993 ஜனவரியில், டெல்லியில் நடந்த சர்வதேசத் திரைப்பட விழாவில் இந்தப் படம் திரையிடப்பட்டது. ராமர் பெயரைச் சொன்னாலே ஊர் இரண்டாகும் சூழல். படத்துக்கு முறையான தியேட்டர் ரிலீஸ் அமையவில்லை.

பிறகு இந்தியில் டப் செய்தார்கள். ராமருக்குக் குரல், தூர்தர்ஷன் 'ராமாயண'த்தில் ராமராக நடித்த அருண் கோவில். ராவணனுக்கு அம்ரிஷ் பூரி. அமெரிக்காவுக்காகத் தனியா ஒரு வெர்ஷன் உருவானது. அதில் ராமருக்குக் குரல் கொடுத்தவர் யாருன்னு நினைக்கிறீங்க? 'பிரேக்கிங் பேட்' ஹீரோ பிரையன் கிரான்ஸ்டன்! அப்போ அவரை 'பிரேக்கிங் பேட்' ஹீரோவா யாருக்கும் தெரியாது. அந்த சீரியலே 2008-ல்தான் வந்தது. கதைசொல்லி ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸ், 'ஸ்டார் வார்ஸ்' டார்த் வேடரின் குரல்.

என் சாய்ஸ் கேட்டால், ஒருமுறையாவது பழைய ஆங்கில வடிவத்தைப் பார்த்துடுங்க. அதில் பாட்டெல்லாம் சமஸ்கிருதத்தில் இருக்கும். இசை வன்ராஜ் பாட்டியா. லண்டனிலும் பாரிஸிலும் மேற்கத்திய இசை படித்துவிட்டு வந்து, ஷியாம் பெனகல் படங்களுக்கு இசையமைத்தவர். ஹெட்போன் போட்டுக் கேட்டால்தான் அந்த கோரஸோட ஆழம் தெரியும்.

டி.வி-யில பார்த்த பிள்ளைகள் வளர்ந்து, இணையத்தில் தேடித் தேடிப் பகிர்ந்ததில்தான் படத்துக்கு மறுஜென்மம் கிடைத்தது. 4கே தரத்துக்குப் புதுப்பித்து, தமிழ், இந்தி, தெலுங்கில் புதிதாக டப் செய்து, 2025 ஜனவரியில் இந்தியத் தியேட்டர்களுக்குக் கொண்டுவந்தார்கள். அந்த வேலையில் ராஜமௌலியின் அப்பா, கதாசிரியர் விஜயேந்திர பிரசாத்தும் இருந்தார். ஆனா, சாகோ 2012-ல் இறந்துட்டார். ராம் மோகன் 2019-ல். வன்ராஜ் பாட்டியா 2021-ல். நம்ம தியேட்டர்ல இந்தப் படம் ஓடினதைப் பார்க்க மூணு பேருமே இல்லை.

போன்ல பார்க்கிறவங்களுக்கு...

யாரோ அப்லோடு செய்த மங்கலான வீடியோ டேப் காப்பியைப் பார்த்துட்டு 'பழைய படம், அப்படித்தான் இருக்கும்'னு முடிவு பண்ணிடாதீங்க. புதுப்பிச்ச பிரதியில பார்த்தால் பின்னணி ஓவியத்தோட ஒவ்வொரு இலையும் தெரியும். திரை நிறையணும்னு ரெண்டு விரலால ஜூம் பண்ணாதீங்க. கிரீடமும் காலும் வெட்டுப்படும். அந்தக் காலைப் பார்க்கத்தானே இவ்வளவு தூரம் சொன்னேன்! ஸ்மார்ட் டி.வி-யில் போட்டால், செட்டிங்ஸ் போய் 'மோஷன் ஸ்மூத்திங்' மாதிரி எது இருந்தாலும் அணைச்சுடுங்க. ரெண்டு படத்துக்கு நடுவுல டி.வி தானா ஒரு பொய்ப் படத்தைச் செருகி, கையால வரைஞ்ச அசைவைக் கொழகொழன்னு ஆக்கிடும்.

ரெண்டேகால் மணி நேரம் ஒரே மூச்சுல உட்கார முடியலைன்னா பரவாயில்லை. வனவாசம் கிளம்புற வரைக்கும் ஒரு ராத்திரி, அனுமன் இலங்கையில இருந்து திரும்புற வரைக்கும் ஒரு ராத்திரி, போர் ஒரு ராத்திரின்னு பிரிச்சுக்கோங்க. கடைசி ராத்திரி மட்டும் பேர் ஓடுறப்போ போனை ஆஃப் பண்ணாம உட்காருங்க. ரெண்டு நாட்டுப் பேரும் வரும். நடுவுல நிறுத்தி நிறுத்திப் படிங்க.