சைதாப்பேட்டை டு கல்பாக்கம்: ஒரு ஃபிசிக்ஸ் வாத்தியார் தயாராகும் கதை

போன ஞாயித்துக்கிழமை அக்கா வீட்டுல ஒரு பஞ்சாயத்து. அக்கா பொண்ணு பி.எஸ்சி. ஃபிசிக்ஸ் முடிச்சிட்டா. பி.எட். சேரப் போறேன்னு ஒத்தக் கால்ல நிக்கறா. அவ அப்பா பிளாண்ட்ல இருந்து ரிடையர் ஆனவர். "கல்பாக்கத்துல பொறந்து, ஃபிசிக்ஸ் படிச்சிட்டு, வாத்தியார் வேலைக்கா? உள்ள போற வழியைப் பாரும்மா"ங்கறார். ('உள்ள'ன்னா எங்க ஊர்ல எதுன்னு உங்களுக்கே தெரியும்.)

அவ என் பக்கம் திரும்பி, "மாமா, நீங்களே சொல்லுங்க. வாத்தியாருக்குப் படிக்கறதுன்னா அங்க என்னதான் சொல்லித் தருவாங்க? ஃபிசிக்ஸா, இல்ல பாடம் நடத்தறதையா?"ன்னு கேட்டா.

பதில் சொல்ல வாயெடுத்தேன், வரல. ஒரு வாரம் தோண்டினதுல கிடைச்சதுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், ஒரு டீ போட்டுக்கிட்டு வந்து உக்காருங்க மக்களே.

முதல்ல நம்ம திண்ணைப் பள்ளிக்கூடம். அண்ணாவி உக்காந்திருப்பார், பசங்க மணல்ல விரலால எழுதுவாங்க. எண்சுவடியை ராகம் போட்டு மனப்பாடம் பண்ணணும். அண்ணாவிக்கு ட்ரெயினிங் காலேஜ் எதுவும் கிடையாது. பெரிய பையன் சட்டாம்பிள்ளையா இருந்து சின்னப் பசங்களுக்குச் சொல்லித் தருவான். சொல்லிக் கொடுத்தே சொல்லிக் கொடுக்கக் கத்துக்கறது, அவ்ளோதான்.

இதைப் பாத்து அசந்துபோனவர் ஆண்ட்ரூ பெல். எழும்பூர்ல 1789-ல ஆரம்பிச்ச ராணுவ அனாதைப் பசங்க பள்ளிக்கூடத்தை நடத்தின பாதிரியார். ஆசிரியர் பஞ்சம் இருந்ததால, பெரிய பசங்களை வெச்சே சின்னப் பசங்களுக்குப் பாடம் எடுத்தார். மணல்ல எழுதறதையும் சேத்துக்கிட்டார். ஊருக்குத் திரும்பி 1797-ல இதைப் புத்தகமாப் போட, 'மெட்ராஸ் முறை'ன்னு இங்கிலாந்து பூரா பரவிடுச்சு. நம்ம சட்டாம்பிள்ளை கப்பலேறிப் போன கதை இதுதான் :-)

இதுல ஒண்ணைக் கவனிங்க. அந்தக் காலத்துல பாடம் வேற, பாடம் நடத்தற விதம் வேறன்னு ரெண்டு டப்பா கிடையாது. அந்தப் பிரிவு பின்னாடி வந்தது.

1856-ல வேப்பேரியில அரசாங்கம் ஒரு நார்மல் ஸ்கூல் தொடங்கினாங்க. ஆசிரியர்களைத் தயார் பண்றதுக்குன்னே ஒரு பள்ளிக்கூடம். அதுவே வளர்ந்து, 1880-களோட கடைசியில டீச்சர்ஸ் காலேஜா சைதாப்பேட்டைக்குப் போச்சு. இன்னிக்கும் அண்ணா சாலையில போறப்ப பாக்கலாம். எல்.டி.ன்னு ஒரு பட்டம் குடுத்தாங்க. சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் 1910 வாக்குல அங்க பயிற்சி எடுத்தவர்தான். பின்னாடி அவர் பிறந்த நாளே ஆசிரியர் தினம் ஆச்சு. பெண்களுக்குன்னு லேடி வெலிங்டன் பயிற்சிக் கல்லூரி 1922-ல சென்னையில வந்தது.

உள்ள என்ன சொல்லிக் குடுத்தாங்க? மனோதத்துவம், கல்வி வரலாறு, பள்ளி நிர்வாகம், 'மெத்தட்'. ஹெர்பார்ட்ங்கற ஜெர்மன்காரர் வழியில பாடத்தைப் படிப்படியா பிரிச்சு லெசன் பிளான் எழுதணும். கணக்கும் ஃபிசிக்ஸும்? அதெல்லாம் டிகிரியிலயே படிச்சிட்டு வந்திருப்பீங்கன்னு எடுத்துக்கிட்டாங்க. எல்.டி. பி.டி. ஆச்சு, பி.டி. பி.எட். ஆச்சு. அந்த நினைப்பு மட்டும் மாறல. (இதுல ஒரு வேடிக்கை. பி.டி. பட்டம் போயி எத்தனையோ வருஷம் ஆச்சு. ஆனா பட்டதாரி ஆசிரியருக்கு இன்னிக்கும் பேரு 'பி.டி. அசிஸ்டெண்ட்'தான்!)

அடுத்த சிக்கல் மொழி. காலேஜ்ல 'ஆக்சிலரேஷன்'னு படிச்ச வாத்தியார், 1930-களோட கடைசியில உயர்நிலைப் பள்ளிகள் தாய்மொழிக்கு மாறினப்போ என்ன பண்ணியிருப்பார்? 1916-லயே ராஜாஜியும் வெங்கடசுப்பையரும் சேலத்துல அறிவியல் கலைச்சொல்லுக்குன்னு ஒரு சங்கம் வெச்சிருந்தாங்க. அப்புறம் நிறைய பேர் சேந்து அகராதி போட்டாங்க. ஆனா அகராதிச் சொல்லு ஒரு பையன் மண்டைக்குள்ள போறது கரும்பலகை வழியாத்தான். 'முடுக்கம்'னா என்னன்னு, சைக்கிள் பெடலை ஓங்கி மிதிச்சுக் காட்டிச் சொன்ன ஒவ்வொரு வாத்தியாரும் அந்தச் சொல்லுக்கு உயிர் குடுத்தவர்தான்.

ரெண்டு டப்பாவையும் சேக்க ஒரு முயற்சி நடந்தது. 1963-ல என்சிஇஆர்டி அஜ்மீர், போபால், புவனேஸ்வர், மைசூர்னு நாலு ஊர்ல மண்டலக் கல்லூரிகளை ஆரம்பிச்சாங்க. நமக்கு மைசூர். ப்ளஸ் டூ முடிச்சிட்டு நேராப் போனா நாலு வருஷம். ஃபிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, மேத்ஸ் கூடவே கல்வியியலும். நியூட்டன் விதியைப் படிக்கறப்பவே, இதை எட்டாங்கிளாஸ் பையன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னும் யோசிக்க வைக்கற படிப்பு. ஆனா இடங்கள் கம்மி. அதனால நம்மூர்ல பெரும்பாலானவங்களுக்கு வழி, டிகிரி முடிச்சு அதுக்கு மேல பி.எட். தான்.

தனி ஆளா ரெண்டையும் சேத்தவங்களும் உண்டு. பி.கே. ஸ்ரீனிவாசன் (1924-2005) சென்னை முத்தியால்பேட்டை உயர்நிலைப் பள்ளியில கணக்கு வாத்தியார். ராமானுஜனோட கடிதங்களையும் அவரைப் பத்தின நினைவுகளையும் தேடித் தேடிச் சேத்து, 1968-ல நினைவு மலரா கொண்டுவந்தார். 1993-ல ராயபுரத்துல ராமானுஜனுக்கு ஒரு அருங்காட்சியகமும் வெச்சார். ஒரு காலண்டரைக் கையில வெச்சுக்கிட்டே பசங்களைக் கணக்குக்குள்ள இழுத்துடுவார். அவர்கிட்ட போயி 'எது பாடம், எது மெத்தட்'னு பிரிச்சுக் கேக்க முடியுமா?

சரி, கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன்.

நான் ஒம்பதாவது படிக்கறப்ப சயின்ஸ் சார் போர்டுல தூரம்-நேரம் வரைபடம் போட்டு, "சாய்வுதான் வேகம், எழுதிக்கோ"ன்னார். எழுதிக்கிட்டோம். சாய்வுன்னா என்னன்னு தெரியாது. அடுத்த வருஷம் கணக்கு சார் சாய்வு நடத்தினார். மேல ரெண்டு புள்ளியைக் கழி, கீழ ரெண்டு புள்ளியைக் கழி, வகுத்துடு. வேகம்ங்கற பேச்சே வரல. ரெண்டு பேருமே நல்ல வாத்தியார்கள், ட்ரெயினிங் முடிச்சவங்க. ரெண்டும் ஒண்ணுதான்னு எனக்குப் புரிஞ்சது பாலிடெக்னிக் போனப்புறம்.

என் பக்கத்துல உக்காந்தவன் சதுரங்கப்பட்டினம் குப்பத்துப் பையன். அவனுக்குப் புரியறதுக்குள்ள பத்தாவது கணக்குல ஃபெயிலாகி, அப்பாகூட கடலுக்குப் போயிட்டான். காத்து எவ்ளோ, நீரோட்டம் எவ்ளோ, கரைக்கு வர எத்தனை நேரம்னு பாத்தவுடனே சொல்லிடுவான். சாய்வும் வேகமும் அவன் கையிலயே இருந்தது. அதைப் போர்டுல இருக்கற கோட்டோட இணைச்சுக் காட்டத்தான் ஆள் இல்ல.

இப்பவும் புத்தகத்தைப் பாருங்க. வரைபடம் 9-ம் வகுப்பு அறிவியல்ல, சாய்வு 10-ம் வகுப்பு கணக்குல. நடுவுல பாலம் போட வேண்டியது வாத்தியார்தான்.

அந்த வாத்தியாருக்கு நாம என்ன பண்ணோம்? 1978-ல ப்ளஸ் டூ பள்ளிக்கூடத்துக்கு வந்தப்போ ஆள் தேவை கூடுச்சு. 2000-களில் தனியார் பி.எட். கல்லூரிகள் நூத்துக்கணக்குல முளைச்சுது. 2008-ல அதுக்குன்னே தனிப் பல்கலைக்கழகம். 2012 ஜூலையில முதல் டெட் வந்தது. ஆறு லட்சத்துக்கும் மேல எழுதி, பாஸானது 2,448 பேர். ஒன்றரை மணி நேரம் பத்தலன்னு கூச்சல் போட்டு, அக்டோபர்ல மூணு மணி நேரமாக்கி மறுபடி வெச்சாங்க. அந்தத் தேர்வோட ரெண்டாம் தாள்ல கணக்கும் அறிவியலும் சேந்து 60 மார்க். பரீட்சையில சேந்திருக்கு, பயிற்சியில சேரல!

2015-லிருந்து பி.எட். ரெண்டு வருஷம். அதுல ஒரு நல்ல விஷயம், பள்ளிக்கூடத்துல இருக்கற நாள் மொத்தம் 20 வாரம் ஆச்சு. முன்னாடி நாப்பது நாள் சார்ட்டைச் சுருட்டிக்கிட்டுப் போயி, ரெகார்டு நோட்டை ரொப்பிட்டு வந்ததுக்கு இது எவ்வளவோ மேல். 2025 செப்டம்பர்ல உச்ச நீதிமன்றம், எட்டாம் வகுப்பு வரைக்கும் எடுக்கறவங்க, ஏற்கெனவே வேலையில இருந்தாலும், ஓய்வுக்கு அஞ்சு வருஷத்துக்கு மேல இருந்தா ரெண்டு வருஷத்துக்குள்ள டெட் பாஸ் பண்ணணும்னு சொல்லிடுச்சு. இருபது வருஷம் பாடம் எடுத்தவங்க மறுபடி கைடு வாங்கற நிலைமை. வாத்தியார் சரியில்லன்னா இன்னொரு பரீட்சை வை. நம்ம வரலாறு பூரா இந்த ஒரு பதில்தான் திரும்பத் திரும்ப வருது.

நேத்து சாயந்திரம் அக்கா பொண்ணுகிட்ட இதையெல்லாம் சொன்னேன். "உன் கேள்விக்குப் பதில்: ஃபிசிக்ஸ் சொல்லித் தர மாட்டாங்க. நடத்தற விதம் சொல்லித் தருவாங்க. ரெண்டையும் சேக்கறது உன் வேலை. அந்த 20 வாரத்துல கணக்கு டீச்சர் கிளாஸ்லயும் போயி கடைசி பெஞ்சுல உக்காரு"ன்னேன்.

அவ அப்பா அதுக்கும் மசியல. அதனால அவர் பாஷையிலயே பேசினேன்.

"மாமா, 1983 ஜூலையில நம்ம முதல் யூனிட் கிரிட்டிகல் ஆச்சுன்னு லட்டு குடுத்தீங்களே, கிரிட்டிகல்னா என்ன?"

"ஒரு பிளவுல வர்ற நியூட்ரான்ல ஒண்ணாவது அடுத்த பிளவை உண்டாக்கணும். ஒண்ணுக்குக் கீழ போனா தொடர்வினை அணைஞ்சிடும்."

"வாத்தியாருக்கும் அதே கணக்குதான் மாமா. ஒரு வாத்தியார் ரிடையர் ஆகறதுக்குள்ள தன்கிட்ட படிச்சதுல ஒருத்தரையாவது வாத்தியாராக்கணும். இந்த ஊர்ல ஃபிசிக்ஸ் படிச்ச எல்லாரையும் 'உள்ள' அனுப்பிட்டா, அடுத்த செட்டை யார் அனுப்பறது?"

மனுஷன் பதில் சொல்லல. கொஞ்ச நேரம் கழிச்சு, "அப்ளிகேஷன் எப்ப தர்றாங்களாம்?"னு மட்டும் கேட்டார்.

பி.கு.: உங்களுக்குக் கணக்கையும் ஃபிசிக்ஸையும் இணைச்சுக் காட்டின வாத்தியார் யாராவது உண்டா? பேர் வேண்டாம், என்ன சொல்லி இணைச்சார்னு பின்னூட்டத்துல எழுதுங்க. எல்லாத்தையும் தொகுத்து அக்கா பொண்ணுக்குக் குடுக்கப் போறேன். ரெண்டு வருஷத்துல உபயோகப்படும்.