பழைய சுவரும் புதிய அனுமதியும்

மண்ணூர்பேட்டையில் ஒருவர் தம் வீட்டின்மீது மாடி எழுப்ப விரும்பினால் அவரிடம் கேட்கப்படும் கேள்விகள் சிலவே. மனையின் அளவு என்ன? தெருவிலிருந்தும் அண்டை மனையிலிருந்தும் எத்தனை அடி இடம் விடப்படுகிறது? உயரம் எவ்வளவு? முகப்பு எத்தகையது, தூண்கள் எந்தக் காலத்தவை என்று எவரும் வினவுவதில்லை. 1964இல் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை எழுந்தபின் விரைந்து பெருகிய குடியிருப்புகளுக்கு அந்த வினா தேவைப்படவும் இல்லை. ஆனால், இதே மாநகரின் பழைய நடுப்பகுதியில், அண்ணா சாலையிலும் சேப்பாக்கத்திலும் உள்ள சில கட்டடங்களில் கைவைப்பதானால் மற்றொரு கேள்வியும் எழுகிறது: செய்யக் கருதும் மாற்றம் அக்கட்டடத்தின் தோற்றத்துக்கும் வரலாற்றுக்கும் பொருந்துமா? இக்கேள்வி சட்டத்தில் இடம்பெற்ற வரலாறு நாம் அறியத்தக்கது.

அண்ணா சாலையில் பாரத் இன்சூரன்ஸ் கட்டடம் என்று வழங்கும் மாளிகை 1897இல் கட்டப்பட்டது. டபிள்யூ. இ. ஸ்மித் என்னும் மருந்து வணிகரின் நிறுவனத்துக்காக எழுந்த அம்மாளிகை, கும்மட்டங்களும் கோபுரங்களும் வளைவுகளும் கொண்ட இந்தோ சாரசெனிக் பாணியில் அமைந்தது. பிற்காலத்தில் அது ஆயுள் காப்பீட்டுக் கழகத்தின் உடைமையாயிற்று. 2006இல் அதனை இடிக்கும் பணி தொடங்கியது. அப்போது அதைத் தடுக்க வலுவான விதி எதுவும் இல்லை. உரிமையாளர் தம் சொத்தை இடிப்பதை எந்தச் சட்டத்தைக் காட்டி நிறுத்துவது? இன்டாக் எனப்படும் கலை, பண்பாட்டு மரபு அறக்கட்டளை சென்னை உயர் நீதிமன்றத்தை நாடியது. இடிப்பு நின்றது, வழக்கு நீண்டது.

2010 ஏப்ரலில் தீர்ப்பு வெளிவந்தது. நீதிபதிகள் பிரபா ஸ்ரீதேவன், டி. எஸ். சிவஞானம் ஆகியோர் அமர்வு, அம்மாளிகை காக்கப்பட வேண்டும் என்றதோடு, மரபுக் கட்டடங்களைக் காப்பதற்கென ஒரு குழுவை அமைக்கவும் ஆணையிட்டது. ஈண்டு வியப்புக்குரிய ஒரு செய்தி உண்டு. நகரின் மரபுக் கட்டடங்களுக்கு அந்நாளில் கைவசம் இருந்த பட்டியல், விளம்பரப் பலகைகள் குறித்த வழக்கின் பயனாகக் கிடைத்தது! பலகைகள் மறைக்கக் கூடாத கட்டடங்கள் எவை எனக் கண்டறிய நீதிபதி பத்மநாபன் குழு தொகுத்த அப்பட்டியலில் 400க்கும் மேற்பட்ட கட்டடங்கள் இருந்தன. பலகைக்காக எழுதிய பட்டியல் சுவர்களுக்கே காவலாயிற்று. அவ்வாண்டே சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தில் மரபுக் கட்டடப் பாதுகாப்புக் குழு அமைந்தது. பட்டியலில் உள்ள கட்டடத்தை இடிக்கவோ மாற்றவோ விரும்புவோர் அதன் கருத்தைப் பெற வேண்டும் என்னும் நிலை பிறந்தது.

அனுமதி கேட்பது என்றால் மாற்றமே கூடாது என்று பொருளா? அன்று. மும்பையில் 1995இலேயே வந்த விதிகள் கட்டடங்களை மூன்று தரங்களாகப் பிரித்தன. முதல் தரத்தில் தவிர்க்க இயலாத பழுதுபார்ப்புக்கே இடம். இரண்டாம் தரத்தில் உட்புறத்தில் அளவான மாற்றம் செய்யலாம். மூன்றாம் தரத்தில் சூழலுக்குப் பொருந்திய மாற்றங்களுக்கு இன்னும் தாராளமான இடமுண்டு.

பொருத்தமான மாற்றம் எத்தகையது என்பதற்குச் சேப்பாக்கமே சான்று. நவாப் முஹம்மது அலி வாலாஜா 1768இல் எழுப்பிய அரண்மனையின் கலச மஹால், ஹுமாயூன் மஹால் ஆகிய இரண்டும் 1855இல் நவாபி மறைந்தபின் ஆங்கில அரசின் கைக்குப் போயின. அங்கே புதுப் பணி செய்ய வந்த ராபர்ட் சிஷோம், இரு மஹால்களுக்கும் இடையே ஒரு கோபுரத்தை எழுப்பினார். நவாபின் வளைவுகளோடு அது முரண்படவில்லை. பிற்காலத்தில் பார்ப்பவர் எது முந்தியது, எது பிந்தியது என்று பிரித்தறியத் தடுமாறும் அளவுக்கு இணைந்து நின்றது.

ஆயினும் புறக்கணிப்புக்கு அனுமதி தேவையில்லை என்பதே இவ்விதிகளின் பெருங்குறை. ஓட்டையை அடைக்காமல் விட்டுவைப்பவரிடம் எவரும் வரைபடம் கேட்பதில்லை. மழை தன் வேலையைச் செய்து முடித்துவிடும். 2012 ஜனவரியில் கலச மஹாலில் தீப்பற்றியபோது கூரைகள் சரிந்தன. தீயணைப்பு அதிகாரி ஒருவர் உயிரிழந்தார். பின்னர் பொதுப்பணித் துறை சுண்ணாம்புக் காரையில் கடுக்காயும் வெல்லமும் சேர்க்கும் பழைய முறையைத் தேடிப்பிடித்து அதை மீட்டது. இன்று அங்கே தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென் மண்டல அமர்வு இயங்குகிறது. கருவூலம் துணை நின்றதால் இது கைகூடியது. தனி மனிதரின் வீட்டுக்கு யார் துணை?

இவ்வினாவுக்கு விடை தேடக் கடல் கடந்து பினாங்கைப் பார்ப்போம். தமிழ் முஸ்லிம்கள் தலைமுறை தலைமுறையாக வணிகம் செய்த ஜார்ஜ் டவுன் நகரில், 1801இல் நிறுவப்பட்ட கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலும் அதைச் சூழ்ந்த கடைவீடுகளும் புகழ்பெற்றவை. 2008இல் அந்நகர் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் ஏறியது. 18 மீட்டருக்கு மேல் கட்டடம் உயரலாகாது என்னும் வரம்பை முன்னிட்டு, உயர்ந்த விடுதித் திட்டங்கள் சில பெரும் சர்ச்சைக்கு உள்ளாயின. முகப்புகள் காக்கப்பட்டன. ஆனால், 2000ஆம் ஆண்டிலேயே வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நீங்கிவிட்டமையால், பழைய குடிகள் பலர் வெளியேற நேர்ந்தது. சுவர் நின்றது, சுவருக்குள் வாழ்ந்தோர் நிற்க இயலவில்லை.

தமிழகத்தில் மரபு ஆணையச் சட்டம் 2012இல் இயற்றப்பட்டது. அது நடைமுறைக்கு வர ஆண்டுகள் பல கடந்தன. சட்டம் மட்டும் போதாது என்பதையே சேப்பாக்கமும் பினாங்கும் உணர்த்துகின்றன. விண்ணப்பித்தவருக்கு விரைவான விடை வேண்டும். சுண்ணாம்பு வேலை அறிந்த கொத்தனார்கள் பெருக வேண்டும். இடித்தால் இலாபம், காத்தால் நட்டம் என்னும் நிலை மாற, வரிச் சலுகையோ கடனுதவியோ கிடைக்க வேண்டும். உரிமையாளருக்கும் கடமை உண்டு. கடப்பாரையைத் தூக்கும் முன் நிழற்படம் எடுத்து, அளவெடுத்து, அனுமதி கேட்பது அவர் கடன். முன்னோர் கட்டிய வீடு நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதைக் காக்கும் பொறுப்பை ஒரு குடும்பத்தின் தலையில் மட்டும் ஏற்றிவிட்டு, அதன் அழகை ஊரார் அனைவரும் கண்டு மகிழ்வது நீதியாகாது.