தானியங்கி கண்டறிதல்

தானியங்கி கண்டறிதல் என்பது ஒரு வலைத்தளத்திற்கு வரும் வேண்டுகோள்களை அனுப்புவது மனிதரா அல்லது பாட் எனப்படும் தானியங்கி நிரலா எனப் பிரித்தறியும் செயற்பாடு ஆகும். தேடுபொறிகளின் தானியங்கிகள் பொதுவாகத் தம் பெயரைத் தாமே அறிவிக்கின்றன. எரிதம் இடுபவை, கடவுச்சொற்களை ஊகிப்பவை, நுழைவுச்சீட்டுகளை மொத்தமாக வாங்குபவை போன்றன தம்மை மறைத்துக்கொள்வதாலேயே இது தேவைப்படுகிறது.

கண்டறியும் முறைகள்

மிகப் பழைய முறை ஐ.பி. முகவரியைக் கவனிப்பதாகும். ஒரே முகவரியிலிருந்து நிமிடத்திற்கு நூற்றுக்கணக்கான வேண்டுகோள்கள் வருமாயின் அது ஐயத்திற்குரியது. உலாவியின் பெயரை எந்த நிரலும் பொய்யாகக் கூறக்கூடும் என்பதால், திரை அளவு, எழுத்துருக்கள், மறையாக்க இணைப்பைத் தொடங்கும் விதம் ஆகியன அப்பெயருடன் பொருந்துகின்றனவா எனவும் சோதிக்கப்படுகிறது. கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உள்ளிட்டோர் பெயரிட்ட கேப்ட்சா, சிதைந்த எழுத்துகளைப் படிக்கச் சொன்னது. அவற்றைக் கணினிகளே படிக்கத் தொடங்கியபின் அம்முறை வலுவிழந்தது. கூகுள் 2018இல் வெளியிட்ட ரீகேப்ட்சாவின் மூன்றாம் பதிப்பு புதிர் எதுவும் கேட்பதில்லை. பயனரின் நடத்தையைக் கொண்டு 0 முதல் 1 வரை மதிப்பெண் இடுகிறது.

பதிலி வழங்கிகள்

ப்ராக்சி எனப்படும் பதிலி வழங்கி, பயனருக்கும் தளத்திற்கும் இடையே நின்று தன் முகவரியையே தளத்திற்குக் காட்டுகிறது. ஆயிரக்கணக்கான பதிலிகளில் மாறிமாறி வரும் தானியங்கியை எண்ணிக்கை கொண்டு பிடிக்க இயலாது. தரவு மையங்களின் முகவரிகள் எளிதில் அடையாளம் காணப்படுவதால், வீட்டு இணைப்புகளின் முகவரிகள் விற்கப்படுகின்றன. இவற்றுள் சில உரிமையாளர் அறியாமலே பயன்படுத்தப்படுபவை. 2024 மே மாதத்தில் அமெரிக்க நீதித்துறை முடக்கிய 911 எஸ்5 என்னும் வலையமைப்பில் 1.9 கோடிக்கும் மேற்பட்ட முகவரிகள் சிக்கியிருந்தன.

பொது முகவரிச் சிக்கல்

முகவரியைத் தடுப்பது குற்றமற்றோரையும் தடுக்கக்கூடும். 2007ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஆங்கில விக்கிப்பீடியாவில் விசமத்தொகுப்புகளுக்காக ஒரு முகவரி தடுக்கப்பட்டது. அது ஏறத்தாழ கத்தார் நாடு முழுமைக்குமான பதிலியின் முகவரி எனப் பின்னரே தெரிந்தது. கணக்கின்றித் தொகுப்போர் அனைவரும் சில மணிநேரம் தடைக்குள்ளாயினர். கைபேசி இணையத்திலும் பல வாடிக்கையாளர்கள் ஒரே முகவரியைப் பகிர்வதால் இச்சிக்கல் நீடிக்கிறது. எக்ஸ்-ஃபார்வர்டட்-ஃபார் என்னும் தலைப்புவரி மூலம் பதிலி தன் பின்னுள்ள பயனரின் முகவரியைத் தெரிவிக்கலாம். எனினும் அதனைப் போலியாக எழுதுவது எளிது. ஆகவே நம்பத்தகுந்த பதிலிகள் அனுப்பும்போது மட்டுமே தளங்கள் அதனை ஏற்கின்றன.